பர்கர் கடைக்கு அரசு ஜாமீன்

அமெரிக்காவில் நெடுஞ்சாலையை விட்டு எந்த ஊருக்குள் இறங்கினாலும் அதே மஞ்சள் வளைவு, அதே பச்சைப் பலகை, அதே வறுவல் வாசனை. பலகையில் பெயர் இருக்கும் கம்பெனியே கடையையும் நடத்துகிறது என்றுதான் பலருக்கும் நினைப்பு. உண்மையில் மெக்டொனால்ட்ஸ் கடைகளில் சுமார் 95 சதவீதம் தனி ஆட்கள் நடத்துபவை. சப்வேயில் ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான். பலகையும் சமையல் முறையும் கம்பெனியுடையவை. அடுப்பு, ஆள் சம்பளம், வாடகை, வங்கித் தவணை எல்லாம் இன்னொருவர் தலையில். ஃபிரான்சைஸ் எடுத்து நடத்தும் அந்த மனிதரைக் கடைக்காரர் என்றே சொல்வோம்.

அவருக்கு முதல் எங்கிருந்து வருகிறது என்று கிளறினால் பல இடங்களில் அரசாங்கத்தின் கை தட்டுப்படும். எஸ்.பி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் சிறுதொழில் நிர்வாகம், தனியார் வங்கிகள் கொடுக்கும் கடனுக்கு ஜாமீன் நிற்கிறது. சிறுதொழில் சட்டத்தின் 7(ஏ) பிரிவில் வருவதால் அந்தக் கடனுக்கே ‘செவன் ஏ’ என்று பெயர். 2024 நிதியாண்டில் மட்டும் 70,000க்கும் அதிகமான கடன்கள், ஏறத்தாழ 3,100 கோடி டாலர். பல் மருத்துவர், லாரிக்காரர், சலவைக் கடைக்காரர் என்று எல்லோரும் அந்தக் கணக்கில் உண்டு. துரித உணவு ஃபிரான்சைஸ்கள் அந்த வரிசையில் நெடுநாளாக நிற்பவை.

கடைக்காரர் கனவில் இருப்பவருக்கு ‘அரசு உத்தரவாதம்’ என்று விளம்பரத்தில் பார்த்ததும் ஒரு தைரியம் வருகிறது. கடை நொடித்தால் அரசு பார்த்துக்கொள்ளும் என்று தோன்றுகிறது. அந்தத் தைரியத்துக்கு அடிப்படையே இல்லை. அரசு ஜாமீன் நிற்பது வங்கிக்கு. கடன் வாங்கியவருக்கு யாரும் ஜாமீன் இல்லை. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்ற விதிகள் எல்லாம் ஏன் அப்படி இருக்கின்றன என்பதும் புரிந்துவிடும்.

யாருக்கு எவ்வளவு

கடன் ஒன்றரை லட்சம் டாலர் வரை என்றால் 85 சதவீதத்துக்கு அரசு பொறுப்பு. அதற்கு மேல் என்றால் 75 சதவீதம். உச்சவரம்பு 50 லட்சம் டாலர். தொழிலை வாங்கவும் சாமான் வாங்கவும் 10 ஆண்டுத் தவணை. மனை, கட்டடம் என்றால் 25 ஆண்டு வரை போகும். நிலம், கட்டடம், பெரிய இயந்திரம் வாங்குபவர்களுக்கு 504 என்று தனித் திட்டம் இருக்கிறது. அதில் வழக்கமாக வங்கி 50, அரசு சார்ந்த வளர்ச்சி நிறுவனம் 40, கடைக்காரர் 10 சதவீதம் என்று பங்கு பிரியும். வாடகை இடத்தில் சாண்ட்விச் கடை போடுகிறவருக்கு அது உதவாது, 7(ஏ)தான் வழி.

இந்தக் கடன் கேட்க இரண்டு தகுதிகள் வேண்டும், இரண்டும் கொஞ்சம் விசித்திரமானவை. தொழில் சிறியதாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. துரித உணவகத்துக்கு அந்த ‘சிறிய’ என்பதன் அளவு ஆண்டுக்கு 1 கோடியே 35 லட்சம் டாலர் சராசரி வரவு. ஒரு கடை, இரண்டு கடை வைத்திருப்பவர் தாராளமாக அதற்குள் அடங்குவார். வேறெங்கும் நியாயமான நிபந்தனையில் கடன் கிடைக்காது என்று வங்கி எழுதி வைக்க வேண்டும் என்பது இன்னொன்று. அதாவது, சாதாரணமாகப் பார்த்தால் வங்கி தயங்கக்கூடிய ஆளுக்காகவே செய்த ஏற்பாடு இது. தயக்கத்தைத்தான் அரசு விலைக்கு வாங்குகிறது. அந்த விலையும் கடைக்காரரிடமிருந்தே வருகிறது: 6 லட்சம் டாலர் கடனில் அரசு நிற்கும் 4,50,000க்கு 3 சதவீதம், 13,500 டாலர், ஜாமீன் கட்டணம். 10 லட்சம் டாலர் வரையிலான கடன்களுக்கு இந்தக் கட்டணத்தைச் சில காலம் தள்ளுபடி செய்திருந்தார்கள். 2025 மார்ச்சில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

வட்டி பெரும்பாலும் மிதக்கும் வட்டி. அமெரிக்க வங்கிகளின் அடிப்படை விகிதமான ‘பிரைம்’ மேல் இத்தனை சதவீதம் என்று கணக்கு. மூன்றரை லட்சம் டாலருக்கு மேற்பட்ட கடனில் பிரைமுக்கு மேல் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரைம் என்பதே 2022 தொடக்கத்தில் 3.25, 2023 ஜூலையில் 8.5. கோவிட் காலத்தில் வட்டி மலிவு என்று 2021இல் பிரைமுக்கு மேல் 2.75 வீதத்தில் 6 லட்சம் டாலர் வாங்கியவரை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை 6,660 டாலர் அளவில் தொடங்கியிருக்கும். இரண்டு ஆண்டில் அசல் குறைந்தும்கூட அதே கடனின் தவணை 8,000 டாலரைத் தொட்டிருக்கும். கடையில் கோழி விலை ஏறியதும், ஆள் கூலி ஏறியதும் அதே இரண்டு ஆண்டில்தான்.

1968இலிருந்து

எஸ்.பி.ஏ. பிறந்தது 1953இல், ஐசனோவர் காலத்தில். பெருமந்தக் காலத்தில் ஹூவர் தொடங்கிய மறுகட்டமைப்பு நிதிக் கழகத்தைக் கலைத்துவிட்டு, சிறியவர்களுக்காக இதை வைத்தார்கள். துரித உணவும் அரசுக் கடனும் நெருக்கமானது அதற்குப் பதினைந்து ஆண்டு கழித்து, வேறொரு காரணத்தால்.

1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். நகரங்கள் எரிந்தன. கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் கடை வைத்திருந்த வெள்ளையர்கள் வெளியேறப் பார்த்தார்கள். அந்த டிசம்பரில் சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஹெர்மன் பெட்டி என்பவர் மெக்டொனால்ட்ஸின் முதல் கறுப்பினக் கடைக்காரர் ஆனார். அடுத்த ஆண்டு பதவியேற்ற நிக்சன் ‘கறுப்பின முதலாளித்துவம்’ என்பதைக் கொள்கையாகவே பேசினார். சிறுபான்மையினர் தொழிலுக்கென்று தனி அலுவலகம் திறந்தார். கலவரத்துக்கு மருந்து கடன் என்று வாஷிங்டன் முடிவு செய்தபோது, கடன் கொடுக்கத் தயாராக ஒரு தொழில் வேண்டியிருந்தது. பயிற்சி, பெயர், சமையல் முறை எல்லாம் கையில் வைத்திருந்த துரித உணவுக் கம்பெனிகள் அதற்குச் சரியாகப் பொருந்தின. எஸ்.பி.ஏ. கடன்கள் நகர மையங்களுக்குள் பர்கரையும் வறுத்த கோழியையும் எப்படிக் கொண்டு சேர்த்தன என்பதை வரலாற்றாசிரியர் சின் ஜூ ஒரு முழுப் புத்தகமாக எழுதியிருக்கிறார். மார்சியா சாட்லைன் எழுதிய ‘ஃபிரான்சைஸ்’ அதே கதையைக் கறுப்பினக் கடைக்காரர்கள் பக்கத்திலிருந்து சொல்கிறது. 2021இல் வரலாற்றுக்கான புலிட்சர் பெற்றது.

காய்கறிக் கடை வராத தெருவுக்குப் பர்கர் கடை வந்தது. அதனால் வளமான குடும்பங்களும் உண்டு, கடனில் மூழ்கியவையும் உண்டு. இரண்டு நூல்களையும் படித்தால் ஒரு சங்கடம் மிஞ்சும்: உடல்நலத் துறை ஒரு பக்கம் எதைக் குறைத்துச் சாப்பிடச் சொல்கிறதோ, அதை விற்கும் கடைக்கு இன்னொரு துறை ஜாமீன் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

நம் கடைக்காரர் ஒரு சாண்ட்விச் கடை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 6,70,000 டாலர். புதுத் தொழிலுக்கு எஸ்.பி.ஏ. கேட்கும் கைக்காசு 10 சதவீதம், 70,000 போடுகிறார். மீதி 6 லட்சம் கடன். பிரைம் 7.5, மேலே 3, ஆக 10.5 சதவீத வட்டி. 10 ஆண்டுத் தவணை ஆண்டுக்குச் சுமார் 97,000 டாலர்.

ஆண்டு விற்பனை 10 லட்சம் டாலர் என்போம். கம்பெனிக்கு ராயல்டி 6 சதவீதம், விளம்பர நிதிக்கு 4 சதவீதம்: ஒரு லட்சம் போச்சு. சரக்கு 3 லட்சம், சம்பளம் 3 லட்சம், வாடகை 90,000, மின்சாரம், காப்பீடு, கார்டு கமிஷன், ரிப்பேர் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம். மிஞ்சுவது 1,10,000. தவணை போக 13,000. கடைக்காரர் தனக்கென்று சம்பளம் இன்னும் எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தவணையைப்போல் குறைந்தது 1.15 மடங்கு வருமானம் இருக்க வேண்டும் என்பது எஸ்.பி.ஏ. விதி; பல வங்கிகள் 1.25 கேட்கும். இந்தக் கடைக்கு வருவது 1.13. விண்ணப்பம் திரும்பிவிடும். இப்போது அதே தாளில் விற்பனையை 11 லட்சம் என்று மாற்றுங்கள். சரக்கும் ராயல்டியும் அதற்கேற்பக் கூடும், சம்பளம் 15,000 கூடும், வாடகை அப்படியே. மிச்சம் 1,55,000 ஆகிவிடும்; விகிதம் 1.6. வங்கி சிரித்த முகத்தோடு கை கொடுக்கும்.

நூறு சாண்ட்விச் விற்கும் இடத்தில் பத்து கூட விற்கும் என்ற ஒரே ஊகம், நிராகரிப்பை ஒப்புதலாக மாற்றுகிறது. அந்த ஊகத்தை எழுதுவது யார்? பெரும்பாலும் கடைக்காரரும், கடன் கைகூடினால் கமிஷன் பெறும் தரகரும். இந்தத் தொழிலில் ஏமாற்றமெல்லாம் வட்டி விகிதத்தில் நுழைவதாக எனக்குத் தோன்றவில்லை. அது விற்பனை என்ற கட்டத்தில் நுழைகிறது.

ராயல்டி விற்பனை மீது கணக்கிடப்படுகிறது, லாபத்தின் மீது அல்ல. நம் ஊர்க் குத்தகை போலத்தான்: விதை, உரம், கூலிக்குப் போக என்ன மிஞ்சியது என்று மிராசுதார் கேட்கமாட்டார், களத்துமேட்டிலேயே தன் பங்கை அளந்துகொண்டு போய்விடுவார். அதனால் விலையைக் குறைத்துக் கூட்டம் சேர்க்கும் எந்த யோசனையும் கம்பெனிக்கு இனிக்கும், கடைக்காரருக்குக் கசக்கும். சப்வேயின் ஐந்து டாலர் ‘ஃபுட்லாங்’ (ஓரடி நீள சாண்ட்விச்) கதை இதற்கு நல்ல சாட்சி. அதைக் கண்டுபிடித்தவரே ஸ்டூவர்ட் ஃபிராங்கல் என்ற மயாமிக் கடைக்காரர்தான். 2008இல் நாடு முழுவதும் விரித்தார்கள், அமோகமாக ஓடியது. பத்தாண்டு கழித்து விலைவாசி எங்கோ போய்விட்ட நிலையில் 4.99 டாலருக்கு அதே சலுகையைக் கொண்டுவரப் பார்த்தபோது, நூற்றுக்கணக்கான கடைக்காரர்கள் எதிர்த்து மனுவில் கையெழுத்திட்டார்கள். விற்க விற்க நட்டம் என்பது அவர்கள் வாதம். 2015இல் அமெரிக்காவில் 27,000 சப்வே கடைகள் இருந்தன. 2024 முடிவில் 20,000க்கும் கீழே.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. பெயர் பெரிதாக ஆக, கடனுக்கு இடம் குறைகிறது. மெக்டொனால்ட்ஸில் சேர வேண்டுமானால் கடன் வாங்காத சொந்தப் பணம் 5 லட்சம் டாலர் காட்ட வேண்டும் என்பது அவர்கள் நெடுநாள் வைத்திருந்த அளவு; 10 சதவீதக் கைக்காசோடு அங்கே போய் நிற்க முடியாது. கோழி சாண்ட்விச் விற்கும் சிக்-ஃபில்-ஏ நேர் எதிர்: நுழைவுக் கட்டணம் 10,000 டாலர்தான். ஆனால் இடம், கட்டடம், சாமான் எல்லாம் கம்பெனியுடையவை, லாபத்தில் பாதியும் அவர்களுக்கு, கடையை யாருக்கும் விற்கவும் முடியாது. ஆக, கையில் கொஞ்சமும் வங்கியில் மிச்சமும் என்று புறப்படுகிறவருக்குக் கிடைப்பது நடுத்தரப் பெயர்களும் புதிதாக முளைத்த பெயர்களும். ஜாமீன் கடன் அதிகம் பாய்வதும் அங்கேதான். ஆபத்தும் அங்கேதான்.

ஓடுகிற கடையை வாங்குவது

என்னைக் கேட்டால் புதுக் கடையைவிட ஓடிக்கொண்டிருக்கும் கடையை வாங்குபவர் விவரமானவர் என்பேன். ஊகம் குறைவு. விற்பவர் வாயால் சொல்லும் விற்பனையை வங்கி ஏற்காது. அவர் கட்டிய வருமான வரிக் கணக்கின் நகலை வரித் துறையிலிருந்தே நேரடியாக வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கும். கல்லாவில் ஒரு தொகை, வரிக் கணக்கில் ஒரு தொகை என்று நடத்தியவர் கடையை நல்ல விலைக்கு விற்க முடியாமல் திணறுவது இந்த இடத்தில்தான். கடையின் பெயருக்கும் வாடிக்கைக்கும் மட்டும் தரும் விலை இரண்டரை லட்சம் டாலரைத் தாண்டினால் தனி மதிப்பீட்டாளர் வந்து மதிப்புப் போட வேண்டும்.

ஆனால் நல்ல கடையிலும் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று உண்டு, வக்கீல்கள் முதலில் புரட்டுவது அவற்றைத்தான். வாடகை ஒப்பந்தம் இன்னும் 4 ஆண்டில் முடிகிறது, கடனோ 10 ஆண்டு என்றால் வங்கி நகராது. நீட்டிப்பு உரிமை எழுத்தில் வேண்டும். ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தின் மீதி ஆண்டுகளுக்கும் இதே கேள்வி. மூன்றாவது, கைமாறும்போது கடையைப் புதுப்பித்துத் தர வேண்டும் என்று கம்பெனி போடும் நிபந்தனை. புது நாற்காலி, புது மெனுப் பலகை, புது முகப்பு என்று விற்பனை விலையில் இல்லாத ஒரு பெருந்தொகை அங்கே ஒளிந்திருக்கும்.

பெயர் பெற்றவர்களும் பெயரே இல்லாதவர்களும்

டென்வரில் 1981இல் தொடங்கிய குவிஸ்னோஸ், சுட்ட சாண்ட்விச்சால் பெயர் பெற்றது. உச்சத்தில் ஏறக்குறைய 5,000 கடை. கம்பெனி காட்டும் இடத்தில்தான் ரொட்டியும் இறைச்சியும் வாங்க வேண்டும், சந்தையைவிட விலை அதிகம் என்று கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். ஒவ்வொரு கடையாக விளக்கணைந்தது. எஸ்.பி.ஏ. கடன் திரும்பாத பெயர்களின் பட்டியலில் குவிஸ்னோஸ் முன்வரிசைக்கு வந்தது. 2014இல் கம்பெனியே மஞ்சள் கடிதாசி கொடுத்தது.

பர்கரிம் இன்னும் மோசம். இஸ்ரேலில் பிறந்து அமெரிக்கா வந்த பெயர். 1,500 பேருக்கு மேல் ஃபிரான்சைஸ் விற்றார்கள், நுழைவுக் கட்டணம் 50,000 முதல் 70,000 டாலர் வரை. முன்னாள் ராணுவ வீரர்களைக் குறிவைத்துப் பிடித்தார்கள். பெரும்பாலான கடைகள் திறக்கப்படவே இல்லை. 2022இல் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது.

எந்தெந்த ஃபிரான்சைஸுக்குக் கடன் கொடுக்கலாம் என்று எஸ்.பி.ஏ. 2018 முதல் ஒரு பட்டியல் வைத்திருந்தது. 2023இல் அதைக் கைவிட்டது. வங்கிகளே பார்த்துக்கொள்ளட்டும் என்று கடன் விதிகளையும் தளர்த்தியது. 2024இல் 7(ஏ) திட்டம் சுமார் 40 கோடி டாலர் பற்றாக்குறையில் விழுந்ததாக அமைப்பே சொன்னது. 2025இல் பட்டியல் திரும்பி வந்தது, விதிகளும் இறுகின. இதையெல்லாம்விட முக்கியம், பட்டியல் எதைப் பார்க்கிறது என்பது. ஒப்பந்தம் கடைக்காரரைக் கம்பெனியின் கைப்பாவையாக ஆக்கிவிடுகிறதா, அவர் தனித் தொழில்காரர்தானா என்பது போன்ற தகுதிக் கேள்விகளை மட்டுமே பார்க்கிறது. கடை லாபம் தருமா என்பதை அது பார்ப்பதில்லை. பட்டியலில் பெயர் இருப்பதை அரசு கொடுத்த நற்சான்று என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

நொடித்தால்

தொழிலில் 20 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் எல்லோரும் சொந்த ஜாமீன் எழுதித் தர வேண்டும். கடையைத் தனிக் கம்பெனியாகப் பதிவு செய்தாலும் தப்பிக்க வழியில்லை. பெரிய கடன்களில் கடையின் அடுப்பும் குளிர்பெட்டியும் ஈட்டுக்குப் போதாது. பழைய வறுவல் அடுப்புக்கு ஏலத்தில் என்ன வரும்? வீட்டின் மீது வங்கி பதிவு போட்டுவிடும்.

தவணை நின்றதும் வங்கி அரசிடம் கை நீட்டும். அரசு தன் 75 சதவீதத்தைக் கொடுக்கும். அத்தோடு கடன் தீர்ந்தது என்று நினைத்து நிம்மதி அடைந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த நிமிடத்தில் கடன்காரர் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். வங்கி வசூலுக்கு நீதிமன்றம் போக வேண்டும். கருவூலத் துறைக்கு அந்தச் சிரமம் கிடையாது: வரிப் பணம் திரும்ப வரவேண்டியிருந்தால் பிடித்துக்கொள்ளும், வேறு வேலைக்குப் போனால் சம்பளத்தில் 15 சதவீதம் வரை நீதிமன்ற உத்தரவே இல்லாமல் பிடிக்கும், வசூல் கட்டணம் என்று கடன் தொகையின் மேல் 30 சதவீதம் வரை ஏற்றும்.

10 சதவீதக் கைக்காசைக்கூட ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து எடுப்பவர்கள் உண்டு. 401(கே) கணக்கில் உள்ள பணத்தை வரி கட்டாமல் சொந்தத் தொழிலில் பங்காக மாற்றும் சட்டபூர்வமான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஃபிரான்சைஸ் தரகர்களுக்கு மிகவும் பிடித்தது. அந்த வழியில் தொடங்கிய தொழில்களை வரித் துறை ஆராய்ந்து, பெரும்பாலானவை விழுந்துவிட்டன அல்லது விழும் நிலையில் இருக்கின்றன என்று எழுதியது. வீடு ஒரு பக்கம், முதுமைக் காசு இன்னொரு பக்கம். முதலுக்கே மோசம் என்பது இதற்குச் சிறிய சொல்.

நம்மவர்கள்

டங்கின் என்ற காபி, டோனட் கடைகளில் குஜராத்திக் குடும்பங்களின் வளர்ச்சியைப் பார்த்து, நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் மென்பொருள் வேலை பார்க்கும் தமிழர்கள் ‘ஒரு சைடு பிசினஸ்’ என்று பேசுவது அடிக்கடி கேட்கும் பேச்சு. குஜராத்திகள் குடும்பமே கடையில் நின்று, உறவினரிடம் முதல் திரட்டி, ஒன்றைப் பத்தாக்கியவர்கள். சனி ஞாயிறு மட்டும் எட்டிப் பார்க்கும் முதலாளிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. மேலாளர் சம்பளம் ஒன்றே மேலே பார்த்த மிச்சத்தை விழுங்கிவிடும்.

விசாக்காரர்களுக்கு வேறு தடை. முன்பு 51 சதவீதம் குடிமக்கள் கையிலோ பச்சை அட்டைக்காரர் கையிலோ இருந்தால் போதும் என்றிருந்த விதி, 2025 மார்ச்சில் நூறு சதவீதம் என்று மாறியது. அதன் பிறகும் இறுகிக்கொண்டே வருகிறது, விண்ணப்பிக்கும் நாளில் என்ன விதி என்று வங்கியில் கேட்பது அவசியம். எச்-1பி கணவரை ஒரு சின்னப் பங்குதாரராகச் சேர்த்தாலும் கடன் கிடையாது. அவர் கல்லாவில் நின்றால் விசாவுக்கே ஆபத்து. முதலீடு செய்து நடத்துவதற்கான இ-2 விசா இந்தியர்களுக்கு இல்லை. இலங்கைக் குடிமக்களுக்கு உண்டு. அவர்களுக்கும் இந்த ஜாமீன் கடன் இல்லை, சொந்தப் பணம்தான்.

இத்தனைக்கும் பிறகு கடை போட்டே தீருவேன் என்பவருக்குச் சட்டம் ஒரு நல்ல ஆயுதம் கொடுத்திருக்கிறது. கையெழுத்துக்கோ பணத்துக்கோ குறைந்தது 14 நாள் முன்னால், 23 தலைப்புகள் கொண்ட விளக்க ஆவணத்தை ஃபிரான்சைஸ் கம்பெனி தர வேண்டும். 7ஆம் தலைப்பில் மொத்தச் செலவு. 19இல் மற்ற கடைகளின் வருமானம், அதைச் சொல்வதும் சொல்லாததும் கம்பெனி விருப்பம். காலியாக விட்டிருந்தால் நம் கணக்கில் 11 லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். 20ஆம் தலைப்பின் பின்னிணைப்பில், கடந்த ஓராண்டில் கடையை விட்டு வெளியேறியவர்களின் பெயரும் தொடர்பு விவரமும் இருக்கும். அவர்களில் சிலர் வாய் திறக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் கட்டுப்பட்டிருப்பார்கள். ஆவணமே அதைக் குறிப்பிட்டிருக்கும். பேச முடிந்தவர்களிடம் கேட்க வேண்டியது மூன்றே விஷயம்: முதல் ஆண்டு விற்பனை சொன்னபடி வந்ததா, தனக்கென்று சம்பளம் எடுக்க எத்தனை மாதம் ஆனது, வங்கிக் கடன் இப்போது யாரிடம் இருக்கிறது.